இரண்டாவது கியர்

என் கணவர் இறந்து நான்கு மாதம் கழித்து, அவருடைய காரை வாங்குவதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். ஏற்பாடு செய்தது அங்கே குடியிருக்கும் என் நாத்தனார். “மைனி, அது ஷெட்டுலயே கெடந்து உப்புக்காத்துல இத்துப் போயிரும். இவரு பழைய காருன்னா உசுரா இருக்கவரு, நல்லா வச்சுக்கிடுவாரு” என்று போனில் சொன்னாள். சரி என்றேன். அந்த நாட்களில் யார் எது கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் இரண்டு பேரைவிடவும் வயதில் மூத்தது. மேலே துணிக்கூரை, தரையோடு ஒட்டிய உயரம். ஒரு உப்பு வியாபாரியின் குடோனில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததைக் கணவர் வாங்கி வந்தார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதன் அடியில்தான் படுத்துக் கிடப்பார். ஒரு வியாழக்கிழமை காலையில் வகுப்புக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவில்லை.

எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. சரக்குகளின் ஆவணங்களைச் சரிபார்ப்பேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஆபீசுக்குப் போய்விட்டேன். ஒரு எழுத்துகூடத் தப்பாக விழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, தொட்டால் அது யாருடையதோ போல, அப்படித்தான் எனக்கு முழு உடம்பும் இருந்தது. வலி என்று எதுவும் இல்லை.

வந்தவர் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். “முன்னாடி டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுங்க. செகண்ட் கியர் போட்டா கரகரங்குது. அது ரெண்டையும் சரி பண்ணிட்டீங்கன்னா நான் எடுத்துக்கறனுங்க” என்றார். அதற்கும் சரி என்றேன்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகையில் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். விசைப்படகு எஞ்சின்கள்தான் அவருக்குப் பிழைப்பு. எங்கள் காரை மட்டும் ஆசைக்காகப் பார்த்துக் கொடுப்பார். காரிலிருந்து நான் மட்டும் இறங்குவதைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்தார், துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “கொண்டாங்கம்மா, பாப்பம்” என்றார்.

முன்பக்க மட்கார்டை இரண்டு கையாலும் அமுக்கி விட்டார். அப்புறம் அடியில் போய்க் கடப்பாரையால் நெம்பினார். டொக் என்றது. “இங்கன பாருங்க. சஸ்பென்ஷன் புஷ்ஷு அம்புட்டும் செத்துட்டு. ரப்பர் இல்லாம இரும்பும் இரும்பும் மோதுது.” செத்துட்டு என்று சொன்னதும் சட்டென்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. “வேற என்ன அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

புஷ்களும் கியர்பாக்ஸ் சாமான்களும் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்று விற்கிற கம்பெனியில் சொன்னார்கள். அதற்குள் கியர்பாக்ஸை இறக்கிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னார். இந்தக் காரில் எஞ்சினோடு சேர்த்துத்தான் அதை வெளியே எடுக்க முடியும். அவர் ஒற்றை ஆள். சனிக்கிழமை மத்தியானம் எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனவளிடம், “ஒரு கை புடிக்கியளா?” என்று கேட்டார். எஞ்சினைத் தூக்குகிற செயின் பிளாக்கின் சங்கிலியை நான் இழுத்தேன். அவர் எஞ்சினைத் தாங்கிப் பிடித்து ஆட்டாமல் வெளியே கொண்டுவந்தார். துருப்பிடித்த போல்ட் ஒன்று தலை முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதைத் துளைத்து எடுப்பதற்குள் அன்றைய வெயிலே இறங்கிவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போய்விட்டு வந்து கொட்டகையைத் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். கழற்றிய சாமான்களை டீசலில் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவுவதுதான் என் வேலை. கருப்பு போய் உலோகம் தெரிகிற வரைக்கும் தேய்ப்பேன். அதற்கு மனது தேவைப்படவில்லை. திங்கட்கிழமை ஆபீசில் என் கை டீசல் வாடை அடித்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்தபோது அதில் பொன் நிறத்தில் தூள் மினுங்கியது. “பித்தளை” என்றார். ஒவ்வொரு கியருக்கும் ஒரு பித்தளை வளையம் உண்டு, பல்லும் பல்லும் சேர்வதற்கு முன்னால் வேகத்தைச் சமப்படுத்துவது அதுதான் என்று விளக்கினார். வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பலகையில் வைத்தார். மூன்றில் லேசான தேய்மானம்தான். ஒன்றில் மட்டும் பற்களெல்லாம் மழுங்கிப்போயிருந்தன.

“இது மட்டும் ஏன் இப்படி?”

“செகண்ட் கியருது. சும்மா, பழசுல்லா.”

“மத்ததும் பழசுதானே அண்ணாச்சி.”

அவர் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்ததால் கடைசியில் சொன்னார். “கிளட்ச முழுசா மிதிக்காம மாத்துனா இப்பிடி ஆவும்மா.”

எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வெளியே போனால், திரும்பும்போது கணவர் ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிடுவார். நான் குட்டை. சீட் முன்னால் நகராது, அதன் தண்டவாளம் இறுகிப்போயிருந்தது. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தாலும் கால் முக்கால்வாசிதான் எட்டும். இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் கர்ரென்று ஒரு சத்தம் கேட்கும். நான் பயந்து திரும்பிப் பார்த்தால், “வயசான வண்டி, அப்படித்தான் கத்தும். நீ போ” என்பார். ஆறு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

“அவருக்குத் தெரியுமா?”

“ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே நான் சொல்லிட்டேன். ‘அவகிட்ட சொன்னா அப்புறம் ஓட்டமாட்டா. கியர்பாக்ஸு போனா வேற பாத்துக்கிடலாம், நீரு வாயத் தெறக்காதேயும்’னுட்டாரு.” சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். இதைச் சொன்னதற்காக அவர் வருத்தப்பட்டது முதுகிலேயே தெரிந்தது.

வளையத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அழ வேண்டிய இடம் இதுதான் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தேன். வரவில்லை. வளையத்தைப் பலகையில் வைத்துவிட்டு, டீசல் தட்டிலிருந்து அடுத்த சாமானை எடுத்தேன். அதைக் கழுவி முடித்த பிறகு, “சீட்டையும் கழட்டிருங்க அண்ணாச்சி” என்றேன்.

உப்புத் துரு தின்ற தண்டவாளத்தை அவர் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்து, கிரீஸ் தடவினார். சீட் நான்கு விரல்கடை முன்னால் வந்தது. கியர்பாக்ஸுக்குள் புது வளையங்களும் பேரிங்குகளும் ஆயில் சீல்களும் போட்டு மூடினோம். சஸ்பென்ஷனில் புது ரப்பர்களை அழுத்திச் செருகினார். ஆனால் போல்ட்டுகளை முழுசாக முறுக்கவில்லை. காரைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் முறுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும் என்றார்.

சோதனை ஓட்டத்துக்கு என்னைத்தான் ஓட்டச் சொன்னார். துறைமுகச் சாலையில் வேகத்தடைகள் அதிகம். ஒன்றிலும் சத்தமில்லை. வரிசையாக நின்ற கண்டெய்னர் லாரிகளைத் தாண்டியதும், “இப்ப மாத்துங்க” என்றார். கிளட்ச் தரையைத் தொட்டது. இரண்டாவது கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. அவர் உப்பளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நான் நாலாவது வரைக்கும் போட்டு வெகுதூரம் ஓட்டினேன். “ஏம்மா, போதும், திருப்புங்க. கொட்டகையப் பூட்டாம வந்துட்டேன்” என்று அவர் சொன்ன பிறகுதான் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்து நாத்தனாருக்குப் போன் செய்தேன். “வண்டி சரியாயிட்டு. ஆனா குடுக்கல” என்றேன்.

“ஏன் மைனி? அவரு நாளைக்கே வாரேன்னு நிக்காரு.”

“எனக்கு ஓட்டணும்.”

அவர் போனபிறகு நான் வேண்டும் என்று சொன்ன முதல் விஷயம் அது என்று அவளுக்குத் தோன்றியதோ என்னவோ, மேற்கொண்டு காரணம் கேட்கவில்லை. “சரி, நான் அவருகிட்டச் சொல்லிருதேன். நீங்க சாப்ட்டீங்களா?” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சேர்ந்து போய்வந்த ஏரல் ஊர் வரைக்கும் தனியாகப் போனேன். சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். வெயில் முகத்தில் அடித்தது, வாழைத் தோட்டங்கள் பின்னால் போயின, ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்த பஸ்ஸுக்காக ஒதுங்கி நின்றேன். கடைத்தெருவில் பழக்கடைக்காரர் எத்தனை சீப்பு என்று கேட்டார். வாய் பழக்கத்தில் இரண்டு என்றது. மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை. இரண்டையும் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஒரு சீப்பை மறுநாள் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். எல்லாரும் ஆளுக்கொரு பழம் உரித்துச் சாப்பிட்டார்கள்.