சூரியன் வராத பொங்கல்

அரிசிப் பஞ்ச காலம் அது. பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கும் கோதுமை மாவு ரொட்டியும்தான் சாப்பாடு. கூப்பனுக்குக் கிடைத்த அரிசியில் வாரம் ஒரு பிடி எடுத்து, பொங்கலுக்கென்று டின்னில் சேர்த்திருந்தேன். பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் எங்கள் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல். விட்ட பிறகும் கிழங்கைத் துப்பினாள், ரொட்டியைத் துப்பினாள். "சோறு தாம்மா" என்று ஒரே அழுகை.

டின்னைத் திறக்கப் போனேன். வீட்டுக்காரர் மறித்துக்கொண்டார்.

"பொங்கலுக்கு வச்சதத் தொடாத புள்ள. சூரியனுக்குக் காட்டிட்டுத்தான் யாருக்கும்."

எங்கள் ஊவா மலையில் தை மாதச் சூரியனை நம்பி எவனாவது பானை வைப்பானா? மழையும் மூட்டமுமாக வாரக்கணக்கில் துணி காயாது. பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த திருச்சிச் சீமையில் வெயில் அடிக்குமாம், அங்கே சரி. இவர் அந்த மண்ணை மிதித்ததுகூட இல்லை.

பொங்கலும் வந்தது. லயத்து வீட்டு வாசலில் போட்ட கோலம் தூறலில் கரைந்தது. ஈர விறகோடு மல்லுக்கட்டி, இஸ்தோப்புத் திண்ணையில் பானையைப் பொங்க வைத்தேன். "பொங்கலோ பொங்கல்" என்று கத்திவிட்டு அவர் கிழக்கே பார்த்து நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். எதிர் மலையே தெரியவில்லை.

மகள் தன் கோப்பையோடு பானை முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல சாமி சாப்பிடட்டும்மா" என்றார்.

அவள் வானத்தைப் பார்த்தாள். "சாமிக்கும் காச்சலாப்பா?"

எனக்குப் பொறுக்கவில்லை. அகப்பையை எடுத்தேன்.

"ஏ புள்ள, இன்னும் படைக்கல!"

"புள்ள கண்ணு சொருகின பெறகு சூரிய நமஸ்காரம் பண்ணப் போறீங்களா? ஒங்க சாமி போத்திக்கிட்டுத் தூங்குது. பசிச்ச சாமி இங்க உக்காந்திருக்கு!"

மகள் ஒரு வாய்கூடத் துப்பவில்லை. நானும் கொஞ்சம் சாப்பிட்டேன். அவர் தொடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிழக்கேயே நின்றார். அவர் பங்கையும் மகளே காலி செய்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

மத்தியானத்துக்கு மேல், பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் பானை கழுவச் சாம்பலைக் கையில் எடுத்தேன். அப்போது பார்த்து அடித்ததே வெயில், பல்லைக் காட்டிக்கொண்டு! அவர் ஓடி வந்தார்.

"ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

பானையைக் கவிழ்த்துக் காட்டினேன். அடியில் ஒட்டிய தீய்ந்த பருக்கைகளை நகத்தால் சுரண்டி எடுத்தார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்காத மனிதர். அதை ஒரு நிமிஷம் சூரியனுக்கு நேரே பிடித்தார். பிறகு வீட்டுக்குள் போய், தூங்கியெழுந்த மகளின் வாயில் வைத்தார்.

இதைக் காலையிலேயே செய்திருந்தால் என்ன, மனுசா!