படத்துக்கு இரண்டு ஓரம்

போன வாரம் என் தங்கை மகன் கல்யாணப் படங்கள் கலர் லேபிலிருந்து வந்தன. குடும்பமே மேடையில் நிற்கும் பெரிய படத்தை ஆசையோடு எடுத்துப் பார்த்தேன். என்னைக் காணோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினால், இடது கோடியில் ஒரு தோளும் கொஞ்சம் புடவைத் தலைப்பும் இருந்தன. அந்தத் தோள் என்னுடையதுதான். புடவையை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன்.

"அது மெஷின் கட் பண்றது பெரியம்மா. சைஸ் அப்படி," என்றான் தங்கை மகன்.

யாரிடம் வந்து சைஸ் கதை சொல்கிறான் பாருங்கள். படத்தை வெட்டியே வயிறு வளர்த்தவள் நான்.

புதுப் படத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. எங்கள் காலத்துப் படத்தில், கழுவும் ஹைப்போ மருந்தின் வாசனை மாசக்கணக்கில் நிற்கும். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் ஸ்டுடியோவின் பின்கட்டுதான் வீடு. சோறும் ஹைப்போவும் ஒன்றாக மணக்கும். என் வீட்டுக்காரர் முன்னால் படம் எடுப்பார். கழுவுவது, அச்சுப்போடுவது, வெட்டி அட்டையில் ஒட்டுவது எல்லாம் நான். மருந்துத் தண்ணீர் பட்டுப் பட்டு என் நகமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கும். "என்னக்கா, மருதாணி அழுகிப்போச்சா?" என்று தெருப் பெண்கள் கேலி செய்வார்கள். ஒட்டுவதற்குப் பசை அடுத்த வீட்டுத் தறிக்குக் காய்ச்சும் கஞ்சி. அதைக் கொடுத்த கையால்தான் கேலியும் செய்வார்கள், ஆகவே பொறுத்துக்கொள்வேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கல்யாணச் சாமான் வாங்கச் சேலம் வரும்போதே படத்துக்குப் பிரேமையும் வாங்கிவிடுவார்கள். பிரேம் வாங்கியாயிற்றே என்று பிறகு படம் எடுக்க வருவார்கள். கடையில் கிடைக்கும் பெரிய பிரேம் பன்னிரண்டுக்குப் பத்து, ஏறக்குறைய சதுரம். நாங்கள் படம் பிடிக்கும் கண்ணாடித் தகடோ நீளவாக்கு. முழுப் படத்தையும் அதில் அடக்கினால் மேலும் கீழும் வெள்ளைப்பட்டை விழும். "என்னங்க, பாதிக் காயிதம் சும்மா கெடக்குது?" என்று சண்டைக்கு வருவார்கள். பிரேம் நிறைய வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு ஆள் போக வேண்டும்.

யார் போவது என்பது படம் எடுக்கும்போதே முடிவாகிவிடும். தாலியறுத்தவள், ஒட்டிக்கொண்ட ஏழைச் சொந்தம், ஊருக்குச் சொல்லாத இரண்டாம் தாரம் இவர்களெல்லாம் ஓரம். அவர்களை மட்டும் ஒரு கை இடைவெளி விட்டு நிற்கச் சொல்வார் என் வீட்டுக்காரர். அப்போதுதான் கத்தி யார் தோளிலும் படாமல் சுத்தமாக இறங்கும். நாங்கள் யாரையும் தள்ளவில்லை, பிரேம் பத்தவில்லை, அவ்வளவுதான். என்ன வசதியான ஏற்பாடு பாருங்கள்!

யுத்த காலத்தில் ஒரு நாள் வெண்ணந்தூரிலிருந்து ஒரு பெரிய பண்ணையக்காரர், மகனுக்குக் கல்யாணம் முடித்த கையோடு குடும்பத்தை வண்டி கட்டி அழைத்துக்கொண்டு வந்தார். தங்க நிறத்தில் கொடிவேலை போட்ட பிரேமும் கூடவே வந்தது. எல்லாரும் நின்றபின், வாசலிலேயே உட்கார்ந்துவிட்ட ஒரு வெள்ளைச் சேலையைக் காட்டி மாப்பிள்ளைப் பையன் பிடிவாதம் பிடித்தான்.

"எங்கத்த நிக்காம நா நிக்க மாட்டனுங்க."

அவள் பெயர் நல்லாயி. பெரியவரின் தங்கை. புருஷன் போய் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். தாயில்லாத அந்தப் பையனை வளர்த்தவள் அவள்தான். பெரியவர் மீசையைத் தடவினார்.

"செரி, ஓரமா நிக்கட்டும்," என்றவர், என் வீட்டுக்காரர் காதருகே வந்து, "நல்ல காரியப் படமுங்க தம்பி. அப்பறமா அவளைக் கழிச்சுப்போடுங்க," என்றார். திரைத்துணி பிடித்துக்கொண்டிருந்த எனக்கும் அது கேட்டது.

நல்லாயி வலது கோடியில், சொன்னபடி ஒரு கை தள்ளி நின்றாள். பெரியவருக்கோ எங்கள் ஸ்டுடியோவில் இருந்த பிளாஸ்டர் தூண்மேல் ஒரு கண். நடுவில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. இடது கோடியில் இருந்த தூணில் முழங்கையை ஊன்றி, திவான் மாதிரி சாய்ந்துகொண்டார்.

அன்று இருட்டறையில் தகட்டைக் கழுவி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். எல்லாரும் விறைத்துக்கொண்டு நிற்க, நல்லாயி மட்டும் பையனைப் பார்த்துத் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுவாகத்தான் இருக்கும். அதை நான் வெட்டிக் குப்பையில் போட வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அப்புறம் பார்த்தேன், தூணில் சாய்ந்த பெருமையில் பெரியவரும் கூட்டத்தைவிட்டு ஒரு கை தள்ளித்தான் நின்றிருந்தார்.

யுத்தத்தால், அச்சுப்போடும் பிரோமைடு தாளுக்குப் பெரும் பஞ்சம். அந்த அளவில் எங்களிடம் இருந்தது ஒரே தாள். அந்தத் தாளில் நல்லாயியை வைத்து, பெரியவரை விட்டு, பிரேம் நிறைய அச்சுப்போட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் திண்டாடிப்போனார். "அடிப்பாவி, மெட்ராஸ்லருந்து தாள் வர்ற வரைக்கும் அந்த ஆளுக்கு என்ன சொல்றது?" என்றார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

பெரியவர் வந்தார். படத்தைக் கையில் எடுத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"ஏனம்மிணி, நானெங்க?"

"நீங்க ஓரத்துல நின்னீங்க. பிரேம் பத்தலைங்க."

"ஓரம்னா அவ நின்ன ஓரமல்ல?"

"படத்துக்கு ரெண்டு ஓரமுங்களே."

அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. படத்தை வாங்காமலே போய்விட்டார். நான் அதை வாசல் கண்ணாடிப் பெட்டியில் தெருவைப் பார்க்க மாட்டினேன். என் வீட்டுக்காரர் எடுத்து உள்ளே வைப்பார், நான் மறுபடி மாட்டுவேன். சந்தைக்கு வந்த வெண்ணந்தூர்க்காரர்கள் நின்று பார்த்து, "மாப்பிள்ளையூட்டுப் பெரியவரக் காணமே?" என்று ஊரில் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து வந்தது நல்லாயி. பெட்டிமுன் வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, முந்தானையில் முடிந்திருந்த கடலைக்காயை என் முன்னால் கொட்டினாள்.

"எங்கண்ணன ஏஞ் சாமி உட்டுட்ட? அவரில்லாம நா மட்டும் நின்னா ஊடு நெறயுமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களத்தான் வெட்டச் சொன்னாருங்க அவரு," என்று போட்டு உடைத்துவிட்டேன்.

"தெரியுஞ் சாமி. எடம் உட்டு நில்லுன்னு படம் புடிக்கற தம்பி சொன்னப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏனுங்க நின்னீங்க?"

"நிக்கச் சொன்னது எம்புள்ளையல்ல?"

தாள் வந்ததும் முழுப் படத்தையும், ஒரு ஓரமும் போகாமல், மேலும் கீழும் வெள்ளை விட்டு அச்சுப்போட்டேன். மாப்பிள்ளைப் பையன் வந்து வாங்கிப்போனான். அது தங்கக் கொடிப் பிரேமில் அவர்கள் கூடத்தில் தொங்கியது. வெள்ளைப்பட்டை ஏன் என்று யாராவது கேட்டால், "ஆள் நெறயப்பா, அப்புடித்தான்," என்று பெரியவரே சொல்வாராம். அந்தப் படத்துக்குப் பிறகு யாரையும் தள்ளி நிற்கச் சொல்ல என் வீட்டுக்காரரை நான் விடவில்லை. வெட்டினால் இரண்டு ஓரத்தையும் வெட்டுவேன் என்று கடைக்கு வந்த பெரிய மனிதர்களிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன். சிலர் வேறு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். போகட்டும்.

இப்போது ஸ்டுடியோ இருந்த இடத்தில் சைக்கிள் கடை. தகடுகளையெல்லாம் சுரண்டிக் கழுவி ஜன்னலுக்கு விற்றாயிற்று. என் வீட்டுக்காரரும் இல்லை. தங்கை மகன் கல்யாணத்தில் நானாகவேதான் ஓரத்தில் போய் நின்றேன். யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. நல்லாயிக்காவது அந்த ஒரு கை இடைவெளியைப் பார்த்துத் தன்னை வெட்டப்போவது தெரிந்தது. எதிரே வைத்துச் சண்டைபோட அன்று ஒரு பெரியவரும் இருந்தார். இன்று யாரைக் கேட்டாலும் மெஷினைக் காட்டுகிறார்கள்.

நேற்று அந்தக் கல்யாணப் படத்தின் நெகட்டிவை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். முழுசாகப் போடு என்றேன். அங்கிருந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"மேலயும் கீழயும் வெள்ள வருமேம்மா?"

"வரட்டும்," என்றேன்.