சிக்கலுக்குக் கள்ளிப்பால் தேடிப் போனது

என் அய்யாவின் மூக்கோரத்தில் ஒரு புண் எட்டு மாதமாக ஆறவில்லை. உப்புக்காற்றுதான் காரணம் என்று, வள்ளத்துப் பலகைக்குப் பூசும் சுறா எண்ணெயையே அதிலும் பூசி வந்தார். பாம்பன் டாக்டரோ, தோலில் வரும் புற்றுநோயாக இருக்கலாம், மதுரையில் வெட்டி எடுக்க வேண்டும் என்றார். அய்யா வெட்டச் சம்மதிக்கவில்லை. சிக்கல் என்ற ஊரில் ஒரு வைத்தியர் கள்ளிப்பாலும் பச்சிலையும் வைத்தே புற்றை விழவைப்பதாகக் கேள்விப்பட்டு, அரைப் பரீட்சை முடிந்த மறுநாள் புறப்பட்டோம். மருந்தின் பெயரை எழுதிக்கொள்ள நான்.

எங்கள் ஊர் அக்காள்மடத்திலிருந்து பாம்பன் ஸ்டேஷனுக்கு இரண்டு மைல் நடை. காலை ஆறே முக்காலுக்கு ரயில். ராமநாதபுரம் வரை அய்யாவுக்குப் பன்னிரண்டு அணா, எனக்கு அரை டிக்கெட். அங்கிருந்து சிக்கலுக்குப் போகும் பத்தரை பஸ் பதினொன்றே காலுக்கு வந்தது. கண்டக்டர் அய்யாவின் முகத்தைப் பார்த்து, சுறா கடித்துவிட்டதா என்று கேட்டார். "சுறா இல்லப்பா, வெயிலு" என்றார் அய்யா. பஸ்ஸில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வைத்தியர் நல்லவர். பால் பட்ட இடம் வெந்து, கறுத்து, பொருக்காகி விழும் என்று நான் எழுதும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எங்களுக்கு முன்னால் அவ்வூர் விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய நெற்றிப்பொட்டில் இதே மருந்தால் பொருக்கு விழுந்து, வெள்ளைத் தழும்பாக ஆறியிருந்தது. ஆனால் தழும்பின் ஓரத்தில், அய்யாவின் புண்ணோரத்தில் இருப்பது மாதிரியே, முத்துப்போல ஒன்று மினுங்கியதைப் பார்த்தேன். அய்யாவிடம் காட்டினேன். அவர் எழுந்து போய், விவசாயியிடம் கேட்டுக்கொண்டு, பலகையைச் சோதிப்பதுபோல அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"தார் பூசுனா பலகை மேலுக்குப் புதுசாத்தான் தெரியும், வைத்தியரே. உள்ள புழு இருந்தா?"

வைத்தியரும் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். "பொருக்கு விழுறது என் கண்ணுக்குத் தெரியும். அடியில எம்புட்டு இருக்குன்னு தெரியாதுய்யா."

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். விவசாயியையும் மதுரைக்குக் கூப்பிட்டார். "தை அறுப்பு முடியட்டும், வாரேன்" என்றார் அவர். நாலரை பஸ்ஸில் திரும்பினோம்.

மதுரையில் வெட்டி எடுத்தார்கள். மூக்கில் ஒரு சிறு பள்ளம் மட்டும் மிச்சம். அங்கிருந்த டாக்டர், வைத்தியர் சொன்னதை நான் எழுதிய நோட்டை இரண்டு தடவை படித்தார். செடிகளில் புற்றைக் கொல்லும் சத்து இருக்கக்கூடும் என்றார். அது எது, எவ்வளவு, அடிவரை போகிறதா என்று யாராவது உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டுமாம். அந்த யாராவது நானாக இருக்க ஆசை.

ஒரு மாதத்தில் ஆறாத புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். கள்ளிப்பாலை நீங்களாகப் பூசாதீர்கள். சிக்கல் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: கண்மாய்க்கு மேற்கே கடைசி வீடு அந்த விவசாயியுடையது. தை அறுப்பு முடிந்துவிட்டது, அவர் இன்னும் மதுரைக்கு வரவில்லை. மூக்கில் புண்ணோடு வந்த பாம்பன்காரர் பிழைத்துக்கொண்டார் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.