ஏழு வயதுவரை பிரிக்காத உறை

அந்தோனியம்மாளுக்குக் கோபம் வந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவே காலியாகிவிடும். குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஆயா வேலை அவளுக்கு. கை கழுவாமல் உள்ளே நுழைகிறவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், "அங்கேயே நில்லுங்க லா!" என்று ஓர் அதட்டல் போடுவாள். மூன்று ராத்தல்கூடத் தேறாத பிள்ளைகளைப் பஞ்சில் சுற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டிப் பிழைக்கவைத்த கை அது. அப்படிப் பிழைத்ததில் ஒருத்திதான் முத்தாயியின் மகள் கண்மணி. 1954இல், ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள்.

அந்த வருடம்தான் பெல்டன் என்கிற வெள்ளைக்கார டாக்டர் வந்து சேர்ந்தார். இப்படி அவசரப்பட்டுப் பிறக்கிற பிள்ளைகளில் யார் நன்றாகப் படிப்பார்கள், யார் தடுமாறுவார்கள் என்று சின்ன வயதிலேயே கண்டுபிடிக்க முடியுமா? அதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னார். மணியை ஆட்டினால் திரும்பிப் பார்க்கிறதா, மரக்கட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறதா என்றெல்லாம் பார்த்து எழுதிக்கொள்வார்.

சொன்னதும் வந்துவிடுவார்களா தாய்மார்? பிழைத்துவந்த பிள்ளையை மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகப் பயம். அந்தோனியம்மாள்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சிராங்கூன் ரோட்டுச் சந்துபொந்தெல்லாம் அலைந்தாள். "ஏதாவது குறை இருந்தா டாக்டர் முன்னாடியே சொல்லிடுவாரு. நாம சீக்கிரமே கவனிச்சிக்கலாம். நான் பொறுப்பு, வாங்க" என்று வீட்டுக்கு வீடு வாக்குக் கொடுத்தாள். அவள் முகத்துக்காகத்தான் நாற்பது பேர் வந்தார்கள்.

கண்மணியின் இரண்டாம் வயதுச் சோதனை முடிந்ததும், "எப்படி இருக்கா?" என்று அந்தோனியம்மாள் டாக்டரைக் கேட்டாள். இங்கிலீஷை விட்டால் அவருக்குத் தெரிந்தது நாலே நாலு மலாய் வார்த்தை. "பாகுஸ், பாகுஸ்" என்று சிரித்தார். நன்றாக இருக்கிறாளாம்! பூரித்துப்போய் அதையே முத்தாயியிடம் சொன்னாள். டாக்டர் ஒரு தாளில் ஏதோ எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஏழு வயதில்தான் பிரிப்பாராம். ஆஸ்பத்திரிக் காகிதம், நமக்கென்ன என்று இவளும் விட்டுவிட்டாள்.

1961இல் கண்மணி பள்ளிக்கூடம் போனாள். ஆறு மாதமாகியும் தன் பெயரை எழுத வரவில்லை. இன்று சொன்னது நாளைக்கு நினைவில் இல்லை.

"டாக்டரே நல்லாருக்குன்னு சொன்ன புள்ளதானேக்கா இவ. வேணும்னே தெரியலம்மா, தெரியலம்மான்னு நடிக்கிறா. கைய நீட்டச் சொல்லி அடிச்சு அடிச்சு எனக்கே அலுத்துப்போச்சு" என்று சந்தையில் பார்த்தபோது முத்தாயி பொருமினாள்.

"செல்லம் குடுத்துக் கெடுத்திருப்பே. கண்டிச்சு வளக்கணும்லா" என்றாள் அந்தோனியம்மாள். தானும் சேர்ந்து கொள்ளிவைத்தாள், பாவி மகள்!

அந்த வருடக் கடைசியில், பள்ளிக்கூடங்களிலிருந்து அறிக்கைகள் வந்த பிறகு, டாக்டர் வார்டில் வேலை செய்கிற எல்லாரையும் கூப்பிட்டுத் தேநீரும் கறிபஃப் பலகாரமும் வாங்கிவைத்து, உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். வார்டு நர்ஸ் பிரிஜட் மிஸ்ஸி தமிழில் வாசித்தாள். பன்னிரண்டு பிள்ளைகள் படிப்பில் தடுமாறுவார்கள் என்று எழுதியிருந்தார். பதினொன்று பலித்துவிட்டது. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மேசையைத் தட்டினார்.

அந்தப் பதினொன்றில் கண்மணியின் பெயரும் இருந்தது. எழுதிய தேதி 1956ஆம் வருடத்தது.

"மிஸ்ஸி, அப்பவே இவருக்குத் தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லல? கேளுங்க!" என்றாள் அந்தோனியம்மாள்.

பிரிஜட் கேட்டாள். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார். பிரிஜட்டுக்குத்தான் அதைத் தமிழில் சொல்ல நாக்கூசியது.

"முன்னாடியே சொல்லியிருந்தா தாய்மாருங்க கூடுதலா கவனிச்சுச் சொல்லிக்குடுத்திருப்பாங்களாம். புள்ளைங்க கொஞ்சம் தேறிட்டா, அவரு கணிச்சது சரியா தப்பான்னு தெரியாமப் போயிடுமாம்."

அந்தோனியம்மாள் எழுந்து டாக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே! இவனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினேனே! ஊரையே அதட்டுகிறவள் அன்றைக்கு அதட்டவில்லை. "என் வாயாலயே பொய் சொல்ல வச்சிட்டியே" என்று தமிழிலேயே அவரைப் பார்த்துச் சொன்னாள். ஒன்றும் புரியாத டாக்டர் கறிபஃப் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் லீவு போட்டாள். முதலில் முத்தாயி வீட்டு மாடிப்படிதான் ஏறினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. உறை, தேதி, டாக்டர் சொன்ன காரணம் எல்லாவற்றையும் கொட்டினாள். "எனக்குத் தெரியாதும்மா, மாதா மேல சத்தியமாத் தெரியாது. மெதுவா, திரும்பத் திரும்பச் சொல்லிக்குடுத்தா ஓரளவு வருமாம். மிஸ்ஸி சொன்னாங்க."

முத்தாயி அழுவாள், சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தாள்.

"அப்போ எம்புள்ள என்கிட்ட பொய் சொல்லலையா?" என்று மட்டும் கேட்டாள் முத்தாயி.

"இல்லம்மா. அவளுக்கு நெசமாவே தெரியல."

"கண்மணி, இங்க வா" என்று முத்தாயி உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் கூப்பிட்டிருப்பாள். பிள்ளை ஓடிவந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தது. உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு நின்றது.

"போயிடுங்கக்கா," என்றாள் முத்தாயி. "இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

அந்தோனியம்மாள் இறங்கினாள். அன்றைக்கு இன்னும் பத்து வீடுகளுக்குப் போகவேண்டியிருந்தது.