நான் மேடையேற்றிய அக்கா

கும்மிடிப்பூண்டியில் ஓர் அறக்கட்டளையில் அப்போது எனக்கு வேலை. ஊர் ஊராகப் போய், போனில் யாராவது ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள் என்று சொல்ல வேண்டும். நன்றாகவே பேசுவேன், கூட்டத்தைச் சிரிக்க வைப்பேன். மத்திய வங்கி அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் மைக்கை என்னிடம்தான் கொடுத்தார்கள்.

காலையில் அவர்கள் சிப்காட் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறைக்காரர்களைச் சந்தித்து, ஆர்டர் வருகிறதா, கடன் கிடைக்கிறதா என்று விசாரிப்பதாக ஏற்பாடு. மதியம் கல்யாண மண்டபத்தில் பொதுமக்களுக்கான கூட்டம். "ஏமாந்தவங்க ஒருத்தர் நேர்ல வந்து பேசணும். நாடகம் போட்டா எடுபடாது" என்றார் எங்கள் மேலாளர். எனக்கு உடனே அந்த அக்கா ஞாபகம் வந்தது.

இரும்புக் கம்பி ஆலை ஒன்றின் கேன்டீனில் சமைப்பவர். அவர் கணவர் அதே ஆலையில் மெஷினில் வலது கை விரல்கள் நான்கைப் பறிகொடுத்தவர். கையெழுத்துப் போட முடியாததால் நஷ்டஈட்டுப் பணத்தை மனைவி பேரில் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது அக்காவுக்கு போன். பேங்க்கில் இருந்து பேசுகிறோம், கணக்கு முடங்கப் போகிறது என்றார்கள். கரண்டியைப் பிடித்தபடியே நம்பரைச் சொல்லியிருக்கிறார். சாம்பாரை இறக்குவதற்குள் பணம் போய்விட்டது.

புகார் எழுதிக் கொடுத்தது நான் என்பதால் எனக்கு மட்டும் தெரியும். பணம் டெபாசிட்டில் இருக்கிறது என்றே கணவர் நம்பிக்கொண்டிருந்தார்.

கேன்டீன் பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் போய், மேடையில் பேச வருவாரா என்று கேட்டேன். "வேணாம்மா. அந்தாளுக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட வெக்க மாட்டான்" என்றார்.

"பெரிய அதிகாரிங்கக்கா. அவங்க காதுல விழுந்தா உங்க புகார் உடனே நகரும்."

"நெசமாவா?"

"நெசமாக்கா. பேர் சொல்ல வேணாம், போட்டோ எடுக்க மாட்டாங்க."

பொய். கூட்டத்துக்கும் புகாருக்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரியும். போட்டோ விஷயத்தை நான் யாரிடமும் பேசியிருக்கக்கூட இல்லை.

கூட்டத்தன்று அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். மேடையில் எதையும் மறைக்காமல் சொன்னார். மண்டபம் அமைதியாக இருந்தது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. கூட்டம் கையைவிட்டுப் போகிறது என்று நினைத்தேன். மைக்கை வாங்கி, "ஆறு நம்பர்ல ஒண்ணையாவது தப்பா சொல்லியிருக்கலாம். அக்கா அதுல மட்டும் நூத்துக்கு நூறு" என்றேன்.

மண்டபமே சிரித்தது. சுய உதவிக் குழுப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ ஒருவன் விசிலடித்தான். நிறையப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அக்காவும் கொஞ்சம் சிரித்தார். எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

வந்த அதிகாரிகளில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அக்காவிடம் வந்து, எப்போது புகார் கொடுத்தீர்கள், பேங்க்கில் என்ன பதில் வந்தது என்று பொறுமையாகக் கேட்டார். "போலீஸ் விசாரணைல இருக்கற பணத்த எங்களால எடுத்துத் தர முடியாதும்மா. பேங்க் பதில்ல குறை இருந்தா மேல புகார் பண்ணலாம்" என்றார்.

"நீங்க வாங்கிக் குடுப்பீங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சே?"

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"அப்படிச் சொல்லலையே மேடம். அக்கா தப்பா புரிஞ்சிக்கினாங்க" என்றேன்.

 அக்கா, கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

வீடியோ கணவருக்குப் போய்ச் சேர ரெண்டு நாள்கூட ஆகவில்லை. ஆலை ஆட்களின் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள், என் ஜோக்கோடு. அடித்திருப்பாரோ என்று பயந்து அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் அடிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"வாங்க மேடம். உங்களாலதான் எனக்கே தெரிஞ்சிது." உள்ளே திரும்பி, "ஏய், மேடம் வந்துக்கிறாங்க. வந்து சொல்லு" என்றார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சுவரோரம் நின்றார். எதையோ பார்த்துக்கொண்டு, அன்று போனில் சொன்ன ஆறு எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி.

"ஊட்டுக்கு யார் வந்தாலும் சொல்லணும். பால்காரன் வந்தாலும் சொல்லணும். சோறு போடறப்போ எனக்கும் சொல்லணும்" என்றார் அவர். விரலில்லாத கையால் தொடையில் தட்டித் தட்டிச் சொன்னார். "கை போனது எனக்கு. நம்பர் சொன்னது இவ. கணக்கு சரியா இருக்கணும் இல்ல மேடம்?"

நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அக்கா டீ கொண்டுவந்தார். குடித்தேன். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது.

அந்த வீடியோ எங்கள் அறக்கட்டளையின் மற்ற மையங்களிலும் ஓடியது. அடுத்த மாதம் என்னைத் திருவள்ளூர் அலுவலகத்துக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். பயிற்சிக்கு வரும் புதியவர்களுக்கு, அக்காவின் முகத்தை மட்டும் மறைத்து, நானே அதைப் போட்டுக் காட்டினேன். ஜோக் வரும் இடத்தில் புதியவர்களும் சிரிப்பார்கள். நான் நிறுத்தவில்லை.

அக்கா ஒரு வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் இருந்தார். பிறகு கிளம்பி, ஆந்திர எல்லையைத் தாண்டித் தடாவில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போன மழைக்காலத்தில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பார்த்தேன். ஏதோ கம்பெனி கேன்டீன் சீருடையில் இருந்தார், கொஞ்சம் சதை போட்டிருந்தார். ஓடிப்போய் கையைப் பிடித்து, "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

அவர் நிதானமாக என் கையை விலக்கினார். "மன்னிச்சிட்டா நீ ஊட்டுக்குப் போய் நல்லாத் தூங்குவ. எதுக்கு?" என்றார்.

மின்சார ரயில் வந்தது. நாங்கள் இருவரும் போக வேண்டிய வண்டிதான். அவர் ஏறிய வண்டியில் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வண்டிக்கு நின்றுவிட்டேன்.