பக்கிரியும் அபினி டப்பியும்

பக்கிரி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது அவன் பிறந்த மூன்றாம் நாள். என் தங்கை தையலம்மாளுக்கு இவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் இவனை ஒரு முறம் தவிட்டுக்கு எனக்கு விற்றதாகச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டாள். "பக்கிரின்னு கூப்புடு அக்கா. பிச்சக்காரன் பேருன்னா எமன் தேடமாட்டான்" என்றாள். தேடவில்லைதான். இருபத்தாறு வயது வரை அவனைப் போல உழைப்பாளி எங்கள் ஊர் சேலியமேட்டில் கிடையாது.

கரும்பாலையில் பெரிய கொப்பரையில் வெல்லம் காய்ச்சுவான். கொப்பரைப் புகையில் இருமல் பிடித்தது. கூட வேலை செய்த வீரப்பன், "கடுகத்தன போட்டுக்கடா, நெஞ்சு அடங்கிடும்" என்று அபினி கொடுத்தான். அடங்கியது. வருஷம் திரும்புவதற்குள் கடுகளவு மிளகளவாயிற்று. கிடைக்காத நாளில் மூக்கு ஒழுக, கைகால் முறுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான்.

அபினி இல்லாத வீடு எங்கள் பக்கம் எது? நடவுக்குப் போகிற நாங்கள் கைப்பிள்ளைக்குப் பாலில் துளி கரைத்துப் புகட்டி, வரப்போர மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிடுவோம். கரையேறும் வரை தூங்கும். நானும் கொடுத்தவள்தான். பக்கிரியின் பெண்டாட்டி கஸ்தூரியும் எட்டு மாதக் குழந்தை கலியம்மாளுக்காக ஒரு தகர டப்பியில் வைத்திருந்தாள்.

அந்தத் தை மாத நடவில் குழந்தை தூங்கவே இல்லை. கத்தித் தீர்த்தது.

"இன்னாடி, நாத்து நட வந்தியா, தாலாட்டு பாட வந்தியா? நாளைக்கும் இப்பிடின்னா வூட்லயே இருந்துக்க" என்றார் மேஸ்திரி சாமிநாதன். கஸ்தூரி கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

"குடுத்துட்டுதான் வரேன் அத்தே. கேக்கமாட்டேங்குது."

"பழகிப்போச்சுடி. கொஞ்சம் கூட்டிக் குடு" என்றேன். சொன்னது நான்தான்.

கூட்டினாள். மறுநாள் இன்னும் கூட்டினாள். மிளகளவுக்கு வந்தும் குழந்தை அடங்கவில்லை.

எங்களுக்குத் தெரியாது, டப்பியிலிருந்ததைப் பக்கிரி தின்றுவிட்டு, கொப்பரை அடியில் தீய்ந்த வெல்லத்தை உருட்டி அங்கே வைத்திருந்தான். அதுவும் கறுப்பு, அதுவும் பிசுபிசுப்பு.

நான்காம் நாள் அவன் வயல் பக்கம் வந்தான். குழந்தை முகம் கறுக்கக் கத்துவதையும், கஸ்தூரி அழுதுகொண்டே நடுவதையும் பார்த்து நின்றான். நேரே பாகூர் அபினிக் கடைக்குப் போய் வாங்கினான். தான் தொடவில்லை. வெல்லத்தை எறிந்துவிட்டு அதை டப்பியில் வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திருடினதும் வெளியே வருமே.

மறுநாள் கஸ்தூரி அதே மிளகளவைக் கரைத்துப் புகட்டினாள். குழந்தை சத்தமில்லாமல் தூங்கியது. "இன்னிக்குதான் அத்தே நிம்மதியா நடுறேன்" என்று சிரித்தாள். உச்சிவேளையில் பால் கொடுக்கப் போனவள் தூளியை விட்டு நகரவில்லை. குழந்தையின் உதடு நீலமாயிருந்தது.

குழி மூடிவிட்டு வந்து, வெல்லம் வைத்தது முதல் எல்லாவற்றையும் பக்கிரி என்னிடம் சொன்னான். "நேத்து நல்ல அபினிதான் பெரிம்மா வெச்சேன். புள்ள தூங்கட்டும்னுதான்."

கஸ்தூரி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே நெட்டப்பாக்கத்துத் தாய்வீட்டுக்கு நடந்தாள். திரும்பவில்லை. டப்பியில் மிச்சமிருந்ததைப் பக்கிரி அன்றைக்கே தின்றுவிட்டான்.

இப்போது அவன் பாகூரில், அபினிக் கடைக்கு எதிரே மூட்டை இறக்கிக்கொண்டு அங்கேயே இருக்கிறான்.