பால் வாளியை உதைத்தது யார்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று வரக்காப்பொலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் பால் ஏற்றிப்போகும் லொறிகள் அத்தனையும் என்னுடையவை. சிங்களம் வெளுத்துக் கட்டுவேன். இங்கிலீஷும் காதால் கேட்டே பிடித்ததுதான். அந்த இங்கிலீஷ்தான் போன மாதம் என் மானத்தை வாங்கியது.

காலையில் தோட்டத்தை நடத்தும் துரை போனில் கூப்பிட்டார். லொறி வரும் நேரத்தைக் கேட்டுவிட்டு, "யுவர் ஓல்ட் ஃப்ரெண்ட் கிக்ட் த பக்கெட்" என்றார். கிக் என்றால் உதை, பக்கெட் என்றால் வாளி. இதற்கு என்ன படிப்பு வேண்டும்? என்னோடு ஒன்றாக ரப்பர் மரத்தில் பால் வெட்டத் தொடங்கிய கூட்டாளி, வயதாகியும் கத்தியைக் கீழே வைக்காதவன், பால் வாளியைக் கவிழ்த்துவிட்டான். ஏறிய கோபத்தில் அவன் வீட்டுக்குப் போன் போட்டேன். அவன் மனைவி எடுத்தாள்.

"என்னா தங்கச்சி, வாளிய ஒதைச்சுட்டானாமே! இந்த வயசுல வேலைக்குப் போகாதேன்னா கேக்குறானா? போன அவன்கிட்ட குடு!"



"விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு அண்ணே. போய்ட்டாரு."

சாவு வீட்டுக்குப் போகும் வழியில், இங்கிலீஷ் டீச்சரான என் மருமகள் காரிலேயே பாடம் எடுத்தாள்.

"அப்படிச் சொன்னா செத்துட்டாருன்னு அர்த்தம் மாமா. அந்தக் காலத்துல இங்கிலாந்துல சில ஊர்ல, பன்னிய அடிச்சுத் தொங்கவிடுற கட்டைக்கு பக்கெட்னு பேராம். உசுரு போறப்ப அது கட்டைய ஒதைக்குமாம். வேற கதையும் சொல்றாங்க. எது நெசம்னு யாருக்கும் சரியாத் தெரியாது."

"அவனுங்களுக்கே தெரியாதத என்கிட்ட எதுக்கும்மா சொல்றாரு அந்தாளு? மனுஷன் சாவுக்குப் பன்னிக் கட்டையா? செத்துட்டான்னு சொன்னா வாயி வலிக்குதா?"

சாவு வீட்டில் துரையும் நின்றார். என்னைக் கண்டதும் கூட்டாளியின் மனைவி அழுகையை நிறுத்தினாள்.

"அண்ணே, ஒரு நாளாச்சும் இவரு பால் சிந்தியிருக்காரா? நீங்களே அப்படி ஏசலாமா? எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

அர்த்தம் தெரியாமல் ஏசினேன் என்று அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. அதைவிடப் பெரியது ஒன்று வந்துவிட்டது.

"இல்ல தங்கச்சி. சிந்துனவன் நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல வழுக்கி விழுந்து வாளிய ஒதைச்சுக் கொட்டிட்டேன். இவன்தான் தன் பால்ல பாதிய எனக்கு ஊத்துனான்."

அவன் அதை வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. துரை பக்கம் திரும்பினேன். அவருக்கும் விளங்க வேண்டுமே.

"சேர், ஹீ நோ கிக் பக்கெட். மீ கிக்!"

மருமகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.